ஏழு சனிக்கிழமை ஊர் பார்க்கப் போனது குறித்து

பெயர் லிஷா, வயது 20, தகப்பனார் பெயர் ராபின்சன், பெயின்டிங் வேலை, தாயார் ஆனந்தபாய், குடியிருப்பு செங்கல் பஞ்சாயத்து. நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. 18.11.2024 திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராகி, பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவளாகையால் தமிழில் சொல்ல, தமிழ் எழுதத் தெரிந்த போலீஸ்காரர் எழுதிக்கொண்டது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் சதாசிவன் என்பவரின் மகள் நீது என்னோடு ஒரே வகுப்பில் படிக்கிறாள். அவளுக்கும் வயது 20. அவளுடைய அண்ணன் பெயர் அஜேஷ். நான் நீதுவைப் பொய் சொல்ல வைத்துத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய் ஒரு பையனைச் சந்திக்க வைத்தேன் என்று சதாசிவன் கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பொய் சொன்னது உண்மை. பையன் கிடையாது.

எங்களுக்குத் திருவிதாங்கூர் சரித்திரம் ஒரு பேப்பர் உண்டு. சார் நோட்டை வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். திருவனந்தபுரத்திலுள்ள கிழக்கே கோட்டை, சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெரு, மியூசியம் எல்லாம் அதில் வரும். ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் வருகிற ஊர். ஆனால் துணி எடுக்கவும் டாக்டரைப் பார்க்கவும் அல்லாமல் நாங்கள் அந்த ஊருக்குப் போனதில்லை. நாமே போய்ப் பார்த்தால் என்ன என்று முதலில் கேட்டது நீது. நான் சரி என்றேன். 21.9.2024 முதல் 9.11.2024 வரை, பூஜை விடுமுறை சனிக்கிழமை நீங்கலாக, ஏழு சனிக்கிழமை போனோம்.

சும்மா போகிறோம் என்றால் இரண்டு வீட்டிலும் விட மாட்டார்கள். ஆஸ்பத்திரி என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆகவே கூடப் படிக்கும் ஒருத்தியின் அம்மா காரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், கூட நிற்க ஆளில்லை, சனிக்கிழமை பகலில் நாங்கள் நிற்கிறோம் என்று சொன்னோம். நோயாளியின் பெயர் என்ன என்று என் அம்மா கேட்டார். வாயில் வந்தபடி சுகிர்தபாய் என்றேன்.

அதன் பிறகு நாங்கள் காலை ரயிலில் போய், கால் போன போக்கில் நடந்து, மத்தியானம் பழம் வாங்கித் தின்று, சாயங்கால ரயிலில் திரும்பினோம். கோட்டைக்குப் பக்கத்தில் மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரத்தில், மணி அடிக்கும்போது இரண்டு பொம்மை ஆடுகள் வந்து தாடிக்காரப் பொம்மை மூஞ்சியின் கன்னத்தில் முட்டுவதைப் பார்க்க ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். அரைகுறையாகப் பார்த்தோம் என்று நீது அடுத்த மணிக்கும் நிற்க வைத்தாள். சாலைக் கம்போளத்தில் ஒவ்வொரு கடையாக ஏறி, இந்தக் கடை எந்தக் காலத்தில் வந்தது, முன்னே இங்கே என்ன இருந்தது என்று கேட்டு, சொன்னவர் பெயரையும் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதினாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. அந்த ஏழு நாள் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டதால் எழுதப்பட்டது.

என் தப்பு ஒன்று உண்டு. எங்கள் சபையைப் பற்றித் தெரிந்தும் நான் யோசிக்கவில்லை. நோயாளி என்று ஒரு பெயர் கிடைத்தால் சபை அதை விடாது. என் அம்மா ஜெபக் குறிப்புப் பெட்டியில் சுகிர்தபாய் பெயரை எழுதிப் போட்டிருக்கிறார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். அதன் பிறகு 9.11.2024 அன்று, எங்களிடம் சொல்லாமல், பெண்கள் சங்கத்தார் பதினொரு பேர் வேன் பிடித்து, பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு சுகிர்தபாயைப் பார்க்கப் போனார்கள். வார்டு வார்டாகத் தேடினார்கள். இல்லாதவரை எங்கே போய்ப் பார்ப்பது. ஆரஞ்சை எங்கள் வீட்டு மேசையில் வைத்துவிட்டு, நேரே சதாசிவன் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நாங்கள் நெய்யாற்றின்கரையில் ரயில் இறங்கியபோது சதாசிவனும் அஜேஷும் பிளாட்பாரத்தில் நின்றார்கள்; காலையில் நாங்கள் ரயில் ஏறியதைப் பார்த்த யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அஜேஷ் நீதுவைக் கன்னத்தில் இரண்டு முறை அடித்தான். நான் இடையில் போனேன், எனக்கும் ஒன்று விழுந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனையும் நோட்டையும் அவன் பிடுங்கினான். நோட்டு முழுக்க ஆண்பிள்ளைகளின் பெயரும் நம்பரும் இருப்பதாகப் புகாரில் எழுதியிருக்கிறது. இருக்கிறது. இந்த ஸ்டேஷனிலிருந்து அதில் முதல் நம்பருக்கு அழைத்தபோது எடுத்தவர் சாலைக் கம்போளத்தில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் எழுபத்து நான்கு வயதுக்காரர். இரண்டு பிள்ளைகள் வந்து பழைய விஷயம் கேட்டார்கள், சாயா வாங்கிக் கொடுத்தேன், அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அவர் கேட்டார். அதன் பிறகும் பையன் யார் என்று என்னிடம் மூன்று முறை கேட்டார்கள். ஒரு பையன் இருந்திருந்தால் இவர்களுக்கெல்லாம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அன்று முதல் நீதுவை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. வரும் புதன்கிழமை, 20.11.2024, எங்களுக்குப் பரீட்சை தொடங்குகிறது. நேற்று, ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, வார்டு மெம்பர் கனகதாஸ் சமாதானம் பேச வந்தார். நீதுவுக்குக் கோட்டுகால் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கிறது, திருவனந்தபுரத்தில் பையனைச் சந்திக்கப் போனது நான், நீது எனக்குத் துணையாக மட்டும் வந்தாள் என்று நான் ஸ்டேஷனில் சொன்னால் அவள் பெயர் கெடாது, புகாரையும் எடுத்துக்கொள்வார்கள், பரீட்சை எழுதவும் விடுவார்கள் என்றார். என் அப்பா அவரிடம், "அவளுக்க பேரு போகப்பிடாதுன்னா எனக்க பிள்ளைக்க பேரு போணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். ஒரு வாரமாக அம்மா என்னிடம் பேசுவதில்லை.

நான் ராத்திரி முழுக்க யோசித்து, கனகதாஸ் சொன்னபடியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என் பெயர் ஏற்கெனவே சபையில் நாறிவிட்டது. அவள் பரீட்சையாவது எழுதட்டும் என்று நினைத்தேன். சொல்ல ஒரு பையன் பெயரும் தயார் செய்து வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளுக்கு நஷ்டம், பொய் சொன்னால் லாபம் என்கிற இடத்தில் என்னைக் கொண்டு நிறுத்தியிருந்தார்கள்.

இன்று காலை நீதுவையும் இங்கே கொண்டு வந்திருந்தார்கள். பெண் போலீஸ் எங்கள் இருவரையும் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் கூட்டிப் போனார். குழாயடியில் வைத்து நான் சொல்லப் போவதை அவளிடம் சொன்னேன். அவள் முகம் கழுவிக்கொண்டே கேட்டாள். கன்னத்தில் அடி விழுந்த இடம் மஞ்சளாகியிருந்தது. அதன் பிறகு அவள் என்னிடம் சொன்னது: "அப்பிடிச் சொல்லாத மக்கா. பரீச்ச போனா போட்டு. நான் ஒனக்குத் தொணைக்கு வரல்ல, எனக்குப் பாக்கணும்னு ஆக்கும் போனேன். அதையும் எங்கிட்டேந்து எடுத்துராத."

ஆகவே பையன் யாரும் இல்லை என்றும், நீது எனக்குத் துணையாக வரவில்லை என்றும், அவளுக்கு அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, பார்த்தாள் என்றும் சொல்கிறேன். இப்படிச் சொன்னதால் புதன்கிழமை அவளைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் எழுதியிருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்ததுதான்.

ஒப்பம்
லிஷா