குணசுந்தரி பக்கத்துத் தகடு

டீயைக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. புதுவாயல் கூட்டுரோட்டில் இதைவிட நல்ல டீ கிடைக்காது.

நான் டிங்கர் பரசுராமன். துருப்பிடித்த வண்டிகளைப் புதிதாக்குவது என் தொழில். பழவேற்காட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளை உப்பு அரித்துவிடும். அந்த உப்புதான் எனக்குச் சோறு போட்டது. மனைவி போன பிறகு என் மகள் குணசுந்தரியைப் பட்டறையிலேயே வைத்து வளர்த்தேன். விரல் முட்டியால் தட்டி, டங்கென்றால் நல்ல தகடு, டொக்கென்றால் உள்ளே அழுகல் என்று சொல்லிவிடுவாள். எழுத்து வருவதற்கு முன்பே அவளுக்கு அது வந்துவிட்டது.

மாப்பிள்ளை துளசிராமனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.கே.பேட்டைக்காரர், கத்தரிக்காயும் வேர்க்கடலையும் சந்தைக்கு ஏற்றிப் போகிறவர். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளைப் பிறந்த வீட்டில் விட வந்தார். வந்தது யுத்தத்துக்கு முந்தைய பிக்கப் வண்டியில். மட்கார்டு சல்லடை, கதவின் அடிப்பாகம் அப்பளம், காலடித் தகட்டின் ஓட்டை வழியே ரோடு தெரிந்தது.

“பொண்டாட்டியையும் வண்டியையும் ஒண்ணா உட்டுட்டுப் போறேன், மாமா. ஆவணியில ரெண்டையும் பளபளன்னு குடுத்துடணும்.”

“நான் இன்னா துரு புடிச்சா கெடக்கறேன்?” என்றாள் குணா.

மூன்று பேரும் சிரித்தோம். அந்த ஆடி முழுக்க வீட்டில் சிரிப்புதான். அவள் காபி கொண்டுவருவாள். நான் துருவைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். கதவுக்குப் புதுத் தகடு வெட்டி வைத்தேன். மட்கார்டை மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைவுக்குக் கொண்டுவந்தேன். ஆவணி எப்போது பிறக்கும் என்று அவள் அடிக்கடி கேட்பாள். பாவம், என்னை விட்டுப் போக வேண்டுமே என்ற கவலை.

மாப்பிள்ளையை எங்களோடு தங்கிவிடச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தபடியே மறுத்துவிட்டார். கால் சுளுக்கினால் சில நாள் தங்குவார், தங்கினால் பழகிவிடும் என்று நினைத்தேன். அதனால் டிரைவர் காலடியில் மட்டும் தகடு வைக்கவில்லை. சாக்கைத் தாரில் நனைத்து ஒட்டி, பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். தடவிப் பார்த்தாலும் தெரியாது. மெலிதாகவே பூசினேன். சீக்கிரம் உடைந்து, விபத்து பக்கத்திலேயே நடந்தால்தானே அவரை இங்கே தூக்கி வருவார்கள்?

ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து, குணாவை அந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பெரியபாளையம் போகும் வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. அவருடைய கால் உள்ளே போய், ரோட்டில் இழுபட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் நினைத்தது சுளுக்குதான். வேலை என்றால் கொஞ்சம் கூடக்குறைய வரும்.

இப்போது இருவரும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த வண்டிக்கு வெட்டியதில் மிஞ்சிய தகட்டிலேயே மாப்பிள்ளைக்குக் கால் செய்து கொடுத்திருக்கிறேன். ஈயம் பூசியது, துருப்பிடிக்காது.

வண்டியை இழுத்து வந்து பட்டறையில் நிறுத்தியிருந்தோம். ஒரு நாள் காலை குணா அதில் ஏறி, அன்று தான் உட்கார்ந்திருந்த பக்கத்தின் காலடியைத் தட்டினாள். டங். அவர் பக்கம் மிஞ்சியிருந்த ஓரத்தைத் தட்டினாள். டொக். கிழிந்த சாக்கைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என் பக்கம் மட்டும் எதுக்கு நைனா புதுத் தகடு?”

“உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாது இல்ல, கண்ணு.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சந்தோஷம் மிகுந்தால் அவளுக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

உங்களைக் கூட்டி வந்ததே அவள்தான் என்கிறீர்கள். இருக்கும். அப்பா தனக்காக என்னவெல்லாம் செய்தார் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என ஆசைப்பட்டிருப்பாள்.