பக்கத்து வயலின் பச்சை

பிறர் பேச்சுக்குச் செவி கொடுப்பது என் வழக்கமன்று. ஆயினும், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்து நெடுநேரம் நின்றபோது, முன்னிருக்கையில் இருந்த இளம்பெண் தன் அருகிலிருந்த மூத்தவளிடம் சொன்னது காதில் விழாமல் இருக்க வழியில்லை.

"வீடியோ கால்ல அவருக்குப் பக்கத்து வயலைத்தான் காட்டுறேன், அக்கா."

"அடிப்பாவி! சிங்கப்பூர்ல உழைக்கிற மனுஷனை ஏமாத்துறியா? உன் வயலுக்கு என்னடி?"

"யூரியாவைப் பாதியாக் குறைச்சுட்டேன். பயிர் கொஞ்சம் வெளுத்துத் தெரியுது. கருகருன்னு இல்லேன்னா அவருக்குத் தூக்கம் வராது."

"எதுக்குக் குறைச்சே?"

"எல்லா வயல் உரத்தண்ணியும் நம்ம வாய்க்கால்லதானே வடியுது? ஒரே பாசி, நாத்தம். மாடுகூட வாய் வைக்க மாட்டேங்குது. அதான், போடுற கொஞ்சமும் அங்க போயிடாம, உரம் போட்டா ஒரு வாரம், வயல் தண்ணி வாய்க்காலுக்கு இறங்குற வடிமடையை அடைச்சுடுறேன்."

"ஊர்ல ஒண்ணும் சொல்லலையா?"

"வாய்க்காலுக்கு வாக்கப்பட்டவன்னு சிரிக்கிறாங்க. இப்பல்லாம் வரப்புல நின்னு ரெண்டு வார்த்தை பேச ஆளில்லை அக்கா. கொக்குதான் துணை."

சரக்கு ரயில் ஒன்று மெல்லக் கடந்தது.

"அறுப்புக்கு அவரு வருவாருல்ல? அப்ப எந்த வயலைக் காட்டுவே?"

"நம்மதைத்தான். அப்புறம் வாய்க்கால்ல இறக்கிவிட்டு, தண்ணிக்குள்ள உங்க பாதம் தெரியுதா பாருங்கன்னு கேப்பேன்."

"தெரியுமாடி?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரியாதுக்கா. மடையை அடைச்சது நான் ஒருத்திதானே."