எல்வின் பெயரில் ஒரு பூ

ஜன்னல் ஓரம் வைத்திருக்கும் மணி பிளாண்டுக்குத் தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறீர்கள், மேடம். இலை மஞ்சளாவது வெயிலால் அல்ல. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது. வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும் என்று யாரிடமாவது சொல்லிவையுங்கள். இதைச் சொல்ல நான் வரவில்லை, ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. காலமெல்லாம் தாவரவியல் நடத்திய வாய்.

வெளியே இருந்த கான்ஸ்டபிள் என்னைப் பார்த்ததும், "இன்னா சார், போன் தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டார். என் மூஞ்சி அப்படி. பெயர் ஜெயகரன். இங்கேயே ஒரு கல்லூரியில் வாத்தியார். வந்த விஷயம் இதுதான். சாம்பியன் ரீஃப்ஸ் பக்கம், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுக்குப் பின்னால், தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்கள் இறங்கிய பழைய ஷாஃப்ட் ஒன்று இருக்கிறது, ஆழமான குழி. அடுத்த வாரம் அதன் மேல் நிற்கும் அத்திமரத்தை அறுத்துவிட்டு, வாயைக் கான்கிரீட் போட்டு மூடப் போகிறார்கள். அது நடக்கக் கூடாது. ஏன் கூடாது என்று சொன்னால்தான் நீங்கள் நிறுத்துவீர்கள், ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

அந்த மரத்தைக் கண்டுபிடித்தது நானல்ல, என் தங்கை ஜெனிட்டாவின் வீட்டுக்காரன் எல்வின். பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். விடிவதற்குள் ரயிலைப் பிடித்துப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிற நம்மூர்க் கூட்டத்தில் ஒருவன். அவனுடைய அப்பா மைன்ஸில் ஆட்களைக் குழிக்குள் இறக்கும் கேஜ் ஓட்டியவர். "அப்பா கேஜு, நானு லிஃப்ட்டு. எங்க குடும்பமே ஏத்தி எறக்கற குடும்பம் மச்சான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். லீவு நாளில் சும்மா கிடக்கமாட்டான், மேடு பள்ளமெல்லாம் சுற்றுவான். ஒரு மார்கழியில் என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினான்.

"இன்னா மச்சான் இது, மரத்து மேல சாம்பார் வெங்காயம் மொளச்சிருக்கு?"

பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது வெங்காயம் அல்ல, ஆர்க்கிட். தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தண்டு அப்படிக் குமிழ் குமிழாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் இருக்க வேண்டிய ஜாதி. வேலமரமும் யூகலிப்டஸுமாகக் காய்ந்து கிடக்கும் நம் ஊரில் அதற்கு என்ன வேலை? நேரில் போய்ப் பார்த்ததும் புரிந்தது. அந்த ஷாஃப்ட்டின் அடியில் தண்ணீர் நிரம்பியிருக்கிறது. பூமிச் சூட்டில் ஆவி சதா மேலே வருகிறது. அத்திமரம் ஷாஃப்ட்டின் வாய்ச் செங்கலிலேயே வேர்விட்டு, குழியின் மேல் சாய்ந்து நின்று அந்த ஆவியைக் குடிக்கிறது. அதன் மேற்குக் கிளையில் ஒரே ஒரு கொத்து. நான் தேடிய எந்தப் புத்தகத்திலும், செடிகளை உலர்த்திச் சேர்த்துவைக்கும் எந்த அறையிலும் அது இல்லை.

சிலர் இதை ஒட்டுண்ணி என்பார்கள். எனக்குக் கெட்ட கோபம் வரும். இது தொற்றுச்செடி, மேடம். மரத்தின் மேல் உட்காரும், அவ்வளவுதான். மரத்திடமிருந்து ஒரு சொட்டு எடுக்காது, காற்றில் வருவதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். யாரையும் கெடுக்காத உயிர் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒரு குமிழைக் கிள்ளி வீட்டில் வளர்த்துப் பார்த்தேன், ஒரு வாரத்தில் சுருங்கிப்போயிற்று. அந்த ஆவிக்கு வெளியே அதற்கு வாழ்வு இல்லை.

புதிய இனம் என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டுமானால் பூ வேண்டும். இலையை மட்டும் காட்டினால் ஒருவனும் மதிக்கமாட்டான். ஒரு வருஷம் காத்திருந்தோம். மொட்டு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை நானும் எல்வினும் போனோம். மொட்டை லென்ஸில் பார்க்கக் கிளை எட்டவில்லை. "கொஞ்சம் வளைச்சுப் புடி மாப்ள" என்றேன். வாய்ச்சுவரின் மேல் ஏறி நின்று வளைத்தான். செங்கல் பெயர்ந்தது. நான் தள்ளவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் தண்ணீரில் விழவில்லை. கொஞ்சம் கீழே, முன்பு ஆட்கள் நிற்பதற்காகப் போட்ட மரத்தட்டு ஒன்று உளுத்துப்போகாமல் இருந்தது. அதில் விழுந்து கிடந்தான். கால் ஒடிந்திருந்தது. போன் தண்ணீருக்குப் போய்விட்டது. "மச்சான், மச்சான்" என்று கத்தினான். கத்தக் கத்தக் குழி முழுக்க எதிரொலித்தது.

எனக்குப் பயமாக இருந்தது. போனைக் கையில் எடுத்தேன், பொய் சொல்லவில்லை. எண்ணை அழுத்துவதற்கு முன் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். அதற்கு முந்தின வருஷம் வேறொரு ஷாஃப்ட்டில் மாடு விழுந்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தூக்க வந்தவர்கள், கப்பி தொங்கவிடும் முக்காலியை நாட்ட இடம் வேண்டும் என்று முதல் வேலையாக வாயோரம் நின்ற மரத்தை அறுத்தார்கள். அவர்கள் வேலை அது, குறை சொல்லமாட்டேன். ஆனால் இங்கே மரம் போனால் கொத்து போகும், கொத்து போனால் அந்த இனமே போகும். மொட்டு விரிய இன்னும் சில நாள்தான். ஒரு காலொடிந்த ஆள் சில நாள் தாங்கமாட்டானா என்று யோசித்தேன். தாங்குவான் என்று தோன்றியது. திடமான உடம்பு.

அவன் கத்துவதுதான் பிரச்சினை. அந்த மேட்டில் விறகு பொறுக்க, ஆடு ஓட்ட யாராவது வருவார்கள்.

மைன்ஸ் ஓடிய காலத்துப் பழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. கீழே பாறை சரிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டால், மேலிருந்து காற்று வரும் ஏர் பைப்பைக் கல்லால் தட்டுவார்கள். மேலே அதைக் கேட்டவர்கள் மூன்று தட்டு திருப்பித் தட்டுவார்கள். நீ இருப்பது தெரிந்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அந்தப் பதில் கிடைத்தபின் கீழே இருப்பவன் கத்தக் கூடாது, தட்டக் கூடாது. மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மைன்ஸ்காரர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் தெருக்குழாயில் மூன்று தட்டு தட்டிவிட்டுத்தான் ஓடுவோம்.

அந்த ஷாஃப்ட்டின் சுவரில் பழைய ஏர் பைப் இன்னும் இருக்கிறது. ஒரு கல்லை எடுத்து மூன்று தட்டு தட்டினேன். எல்வின் அந்த நொடியே அடங்கினான். நல்ல வளர்ப்பு.

"கோலார்லேர்ந்து பெரிய கயிறு வரணுமாம் மாப்ள. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன்.

"சரி மச்சான், மெதுவா வரட்டும். லிஃப்ட்டுல மாட்டிக்கினவங்களுக்கு நானும் இதானே சொல்வேன். கத்தாதீங்க, ஆளு வந்துனே இருக்குன்னு" என்றான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

நான் அவனைப் பட்டினி போடவில்லை. காலையில் கல்லூரிக்குப் போகும் முன்னும், சாயங்காலம் திரும்பும்போதும் பையில் தண்ணீரும் பன்னும் வலி மாத்திரையும் வைத்துக் கயிற்றில் இறக்கினேன். ஒருநாள் ஜெனிட்டா செய்த மட்டன் குழம்பைக்கூட அனுப்பினேன். அவளிடம், லிஃப்ட் அவசர வேலை என்று அவனை நானே ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டதாகச் சொல்லியிருந்தேன். அவள் காணவில்லை என்று புகார் கொடுத்தபின் நீங்களும் பெங்களூர் ஆஸ்பத்திரிகளில்தான் தேடினீர்கள். பாவம், உங்கள் ஆட்கள் நன்றாகத்தான் தேடினார்கள்.

பூ விரிந்தது. அதை எப்படிச் சொல்வது? நெல்மணி அளவுதான் இருக்கும். மங்கலான தங்க நிறம், உதடு என்று நாங்கள் சொல்லும் கீழிதழில் மட்டும் துரு நிறத்தில் ஒரு கோடு. லென்ஸை வைத்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, சொல்ல வெட்கமில்லை.

கீழேயிருந்து எல்வின் கேட்டான். "பூத்துச்சா மச்சான்?"

"பூத்துடுச்சுடா."

"இன்னா கலரு?"

சொன்னேன். "அட, நம்மூரு கலரு" என்றான். குரல் மிகவும் தளர்ந்திருந்தது. ஒரு பூவைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்து அவனுக்கு இறக்கினேன். வேறு யாராக இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன், இருந்ததே ஏழெட்டுப் பூ.

அப்போதே ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பூ மட்டும் போதாது, காயும் பார்க்க வேண்டும். புது இனத்தைப் பற்றி எழுதும் வர்ணனையில் காய் இல்லாவிட்டால் அது பாதி வர்ணனை. தவிர, மரத்தை அறுக்கும் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. இத்தனை நாள் என்ன செய்தாய் என்று என்னை நிற்கவைத்துக் கேட்கவும் கேட்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். குழிக்குள் இருந்தது அவன், ஆனால் வெளியேற வழி தெரியாமல் தவித்தது நான்தான். அவனுக்காவது மேலே பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது.

ஒரு காலை, பையை இறக்கும்போது அவன் மெதுவாகப் பேசினான்.

"மச்சான், மேல வேற யாருமே இல்லியா? உங்க ஒருத்தர் காலடிதான் கேக்குது."

நான் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தேன்.

"கயிறு வராதா மச்சான்? ஜெனிகிட்ட மட்டும் சொல்லிடுங்க. அவ பயந்துக்குவா."

கல்லை எடுத்தேன். ஏர் பைப்பில் மூன்று தட்டு தட்டினேன். பிறகு, "சரி மச்சான்" என்றான். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவே இல்லை. அடுத்த தடவை பையை இழுத்தபோது பன் அப்படியே இருந்தது. அதற்கடுத்த தடவையும் அப்படியே.

அந்த வர்ணனை போன வருஷம் ஓர் ஆய்விதழில் வெளியானது. செடிக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் அசிங்கம். முதலில் பார்த்தவன் பெயரை வைப்பதுதான் மரியாதை. எல்வினி என்று லத்தீனில் வைத்தேன். ஜெனிட்டாவிடம் காட்டினேன். "நிஜமாவா அண்ணா, அவரு பேரா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பூவின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். அவன் எங்கேயோ இருக்கிறான் என்றே நம்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக்குறிப்பு சொல்லும்போது எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்வாள், பக்கத்தில் நான் ஆமென் சொல்வேன். அவன் நம்பர் கட்டாகிவிடக் கூடாதென்று மாதாமாதம் அதற்கு ரீசார்ஜ் செய்யச் சொல்வாள். நான்தான் செய்துகொடுக்கிறேன். ஒரு மாதம்கூட மறந்ததில்லை.

இடத்தை வர்ணனையில் நான் துல்லியமாகச் சொல்லவில்லை. சொன்னால் திருடர்கள் வந்து கொத்தோடு பிய்த்துக்கொண்டு போவார்கள். அங்கே அப்படி ஒரு செடி இருப்பது யாருக்கும் தெரியாததால்தான் இப்போது இந்தத் தொல்லை. ஷாஃப்ட்டை மூட வந்திருக்கும் இன்ஜினியர் அனிலிடம் போய்க் கெஞ்சினேன். நல்ல பிள்ளை, டீ வாங்கிக் கொடுத்தார். "ஒரு செடிக்காக நிறுத்த முடியாது சார். உள்ளே யாராவது விழுந்து கேஸ் ஆகியிருந்தா அது வேற. விசாரணை முடியற வரைக்கும் நாங்க ஒரு கல்லைக்கூடத் தொடமாட்டோம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த டீயை முடிப்பதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது. நேரே இங்கே வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எல்வின் அந்த ஷாஃப்ட்டுக்குள் இருக்கிறான். அவன் உயிரோடு இருந்தபோது நான் ஆளைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டதாக நம்பவைத்தேன். அது கொலைதான் என்று சட்டம் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஜெனிட்டாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அதற்குத் தெம்பில்லை. அவளிடம், அவன் பேரைத்தான் வைத்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அண்ணன் கைவிடவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இறங்கப்போகிறவர்கள் மேற்குக் கிளையில் கயிறு கட்ட வேண்டாம், கிழக்குச் சுவர் உறுதியாக இருக்கிறது. இப்போது மறுபடி மொட்டு விட்டிருக்கிறது. முடிந்தால் பூ உதிர்ந்து காய் பிடிக்கும் வரை தள்ளிப்போடுங்கள். எல்வினைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவன் சத்தம் போடமாட்டான். நான் பதில் தட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.