அந்தப் பேனரின் வெள்ளைப் பக்கம்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா தணிகாசலம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அம்மையாரின் மகள் மதிவதனி அவர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு கம்பெனிச் சீருடையிலேயே வந்திருக்கும் தோழர்களே! மறைந்த நம் பேராசிரியர் லீலா அம்மையாருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். ஆனால் கம்மிய குரலில் பேசினால் அவருக்குப் பிடிக்காது. சத்தமாகவே பேசுகிறேன்.

தண்டலத்துக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் அரசியல் அறிவியல் கற்பித்தவர். ஓய்வு பெற்றபின் ஓய்ந்தாரா? சுங்குவார்சத்திரத்தில், இதே சங்கக் கூடத்தில், ஞாயிறுதோறும் வகுப்பெடுத்தார். பாடம் என்ன? வெளியுறவுக் கொள்கை! ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தெழும் தொழிலாளிக்கு அது எதற்கு என்று கேலி செய்தவன் யார்? சங்கச் செயலாளன் கோதண்டம், நானேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்டோடு எல்லையில் மோதல். எனக்கு ரத்தம் கொதித்தது. பஸ் நிறுத்தத்தில் இருபதடிப் பேனர் கட்டினேன்: 'அந்நாட்டவனே, வெளியேறு!' தேர்தல் நேரம் வேறு. எல்லாக் கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு அதையே முழங்கின. விசா இறுகியது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் புது உற்பத்தி லைனுக்கு இயந்திரம் பூட்டிக்கொண்டிருந்த அந்நாட்டுப் பொறியாளர்கள் ஏழு பேரும் திரும்பிப் போனார்கள். லைன் ஓடவில்லை. அதை நம்பிச் சேர்ந்த இருநூற்று நாற்பது பேரை வர வேண்டாம் என்றார்கள்.

அவர்களில் ஒருவனான தென்காசிக்கார இசக்கிபாண்டி பெட்டியோடு வந்து நின்றான். "அண்ணாச்சி, வெளிய போன்னு நாமதான கத்துனோம்? இப்பம் நாமதான் வெளிய நிக்கோம்" என்றான். வெட்கத்தில் கூனிப் போனேன்.

அம்மையார் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "இன்னா கோதண்டம், தலைய தொங்கப் போட்டுக்கினு குந்திக்கினு கீற? உன் ஒரு பேனராலயா விசா நின்னுச்சு? ஆனா ஊரூரா அதே பேனர் தொங்குச்சுன்னா, எந்த கவர்மெண்ட்டும் அத்த பாத்துட்டுதான் வெளிநாட்டோட பேசும். உன் கோவம் டெல்லிக்குக் கேட்டுச்சு இல்ல? இப்ப உன் யோசனையும் கேக்கட்டும்" என்றார்.

பேனரை அவிழ்க்கச் சொன்னார். வெள்ளைப் பக்கம் மேலே வர விரித்து, மண்டியிட்டு உலக வரைபடம் வரைந்தார். அறுபத்து மூன்று வயதில்! சுங்குவார்சத்திரத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அந்த நாட்டிலும் ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் என் பெயர். "அங்கயும் ஒரு கோதண்டம் இருப்பான். அவனும் பேனர் கட்டிருப்பான். அவங்க மந்திரிக்கும் அவன் தயவு வேணும்" என்றார்.

பிறகுதான் நம் மனு பிறந்தது. எல்லையில் விட்டுக்கொடுக்காதீர்கள், தேவையான பொறியாளர்களைச் சோதித்து அனுமதியுங்கள், நம் பிள்ளைகளுக்கு அவர்கள் தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள் என்று எழுதினோம். மூவாயிரம் கையெழுத்து! நம் எம்.பி. அதை நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்பினார். ஏழு மாதத்தில் ஐந்து பொறியாளர்கள் வந்தார்கள், லைன் ஓடியது. மனுவால்தான் நடந்தது என்று மார்தட்ட அம்மையார் விட மாட்டார். ஆனால் அன்று அந்தப் பொறியாளர்களிடம் கற்றுக்கொண்ட நம் வேல்விழி இன்று தானே இயந்திரம் பூட்டுகிறாள். இந்த மைக்கைக் கட்டியவன், அந்த லைனுக்கே வேலைக்குத் திரும்பிய இசக்கிபாண்டி.

தோழர்களே, இந்த வாரம் இன்னொரு நாட்டின் மேல் கோபம் கிளம்பியிருக்கிறது. நேற்று நாலு பேர் புதுப் பேனரோடு வந்தார்கள். யாரைக் கேட்பேன்? இதோ, என் பின்னால் தொங்கும் இந்த வரைபடத்தைப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வாங்கப்பா, பேசிட்டு கட்டலாம்" என்றேன். வருகிறோம் என்றார்கள்.

வகுப்பு நிற்காது! இது நாம் அம்மையாருக்குத் தரும் வாக்கு. அவருடைய சிவப்பு மார்க்கரை மதிவதனி என்னிடம் கொடுத்திருக்கிறார். ஞாயிறு நாலு மணிக்கு அந்தப் புது நாட்டில் ஒரு புள்ளி வைப்பேன். பக்கத்தில் தங்கள் பெயரை அந்த நாலு பேரும் தங்கள் கையாலேயே எழுதுவார்கள்.