காலியிடம் தானாக வராது

பல் டாக்டரின் மாடியில் அலுவலகம் எடுத்தது தவறு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஐயா. வேலை கேட்டு வருகிறவர் என் எதிரே உட்கார்ந்திருப்பார். கீழே யாருக்கோ பல்லைக் குடைவார்கள். "உங்களுடைய பலம் என்ன?" என்று நான் கேட்கும்போது அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி வரும். பாதிப் பேருக்குத் தங்கள் பலம் மறந்துபோகும்.

நீங்கள் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். மரியாதை தெரிந்தவர். ஆகவே வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடம் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், நீங்கள்தான் பக்குவமாகச் சொல்வீர்கள் என்றார்கள். முப்பத்தொன்பது பேருக்குப் பக்குவமாகச் சொல்லி முடித்துவிட்டுப் பட்டியலைத் திருப்பினால், நாற்பதாவது பெயர் என்னுடையது. நான் கோபப்படவில்லை. பட்டியல் ஒழுங்காகத்தான் தயாரிக்கப்பட்டிருந்தது.

அதன் பிறகு சொந்தமாகத் தொடங்கியதுதான் இந்த வேலைவாய்ப்பு நிலையம். இரண்டு அறை, நான்கு நாற்காலி, வாசலில் ஒரு பலகை: தகுதிக்கேற்ற வேலை, தாமதமின்றி. மூன்று மாதத்தில் அலமாரி கொள்ளாத அளவுக்கு ஆட்கள் பதிவு செய்தார்கள். வெல்டர்கள், கணக்கர்கள், ஓட்டுநர்கள், எதையும் செய்யத் தயார் என்று எழுதிக் கொடுத்த பட்டதாரிகள். எல்லாம் இருந்தது, வேலையைத் தவிர. தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினேன். "இருந்தா சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். வாசல் காவலாளிகளுக்கு என் முகம் மனப்பாடமாகிவிட்டது. சிலர் என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டி, நான் வாயைத் திறக்கும் சிரமத்தைக்கூட மிச்சப்படுத்தினார்கள்.

வீட்டில் என் மைத்துனன் இருந்தான். மனைவியின் தம்பி. பாய்லர் இயக்கும் சான்றிதழ் வாங்கியவன். ஒன்றரை வருடமாக எங்கள் சோபாவில் உட்கார்ந்து, அந்தச் சான்றிதழ் கசங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்பான், பிறகு உட்காருவான்.

மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் வேலை வாங்கித் தர்றேன்னு போர்டு மாட்டியிருக்கீங்க. சொந்த மச்சினன் வீட்டுல உக்காந்திருக்கான். எங்கம்மா கேக்கும்போது எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குங்க."

அவன் அடுத்த அறையில்தான் இருந்தான். தொலைக்காட்சியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டினான்.

முதல் காலியிடம் அந்த வாரம்தான் வந்தது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் பண்டகசாலைக் காப்பாளர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். முதலாளி பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். "நாளைக்குள்ள ஒரு ஆள் வேணும், உங்களால முடியுமா?" அரை நாளில் அனுப்பினேன். அன்று மாலை அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. மூன்று மாதமாக நான் காலியிடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். காலியிடம் என்பது எங்கோ கிடக்கிற பொருள் அல்ல. அது நடக்கிற ஒரு சம்பவம்.

முதலில் கடிதங்கள்தான். பெயர் போடாமல், நல்ல மொழியில், ஒரு பக்கத்துக்கு மிகாமல். உங்கள் கொள்முதல் எழுத்தர் சப்ளையர்களிடம் கை நீட்டுகிறார். உங்கள் ஓட்டுநர் டீசலை உருவி விற்கிறார். முதலாளிகள் ஏற்கெனவே பாதி நம்பிக்கொண்டிருப்பதைத்தான் எழுதுவேன். மீதிப் பாதியை அவர்களே நம்பிக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் போன் வரும்.

இதில் யாருக்கும் கெடுதல் நடக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை போன கொள்முதல் எழுத்தர் எங்கே வந்தார் என்று நினைக்கிறீர்கள்? என்னிடம்தான். கண் கலங்கி உட்கார்ந்தவருக்குத் தேநீர் கொடுத்து, இரண்டே மாதத்தில் வேறு இடம் பார்த்துக் கொடுத்தேன். அந்த இடத்துக்கும் ஒரு கடிதம் தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். அவர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்து, "நீங்க என் குலசாமி சார்" என்றார். ஆப்பிள் நன்றாக இருந்தது.

இனி அந்தச் சலவைக்கூடம்.

மருத்துவமனைகளின் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் பெரிய இடம் அது. இஸ்திரி போடும் ஆட்கள் ஏழெட்டுப் பேரை நான்தான் அனுப்பியிருந்தேன். அதனால் எனக்கு உள்ளே போக வரத் தடையில்லை. பின்கட்டில் பாய்லர். அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ஆவி அண்ணன் என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த நீராவிக்குள்ளேயே நின்றவர். எந்தக் குழாய் எப்போது முனகும் என்று தெரிந்து வைத்திருந்தவர். ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர். இப்படிப்பட்டவர்களால்தான் நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம்.

அவரைப் பற்றியும் எழுதினேன். எண்ணெய் திருடுகிறார் என்று. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கடிதத்தை ஆவி அண்ணனிடமே கொடுத்துவிட்டார். அவர் அதைத் தேநீர் இடைவேளையில் எல்லோர் முன்பும் உரக்கப் படித்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பாருங்கப்பா, என்னைப் பத்தி எழுத ஒரு மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கான். என் கல்யாணப் பத்திரிகையிலகூட இத்தனை வரி கெடையாது" என்று சிரித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவரு. எழுத்து நல்லாயிருக்குல்ல?"

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

கடிதம் பலிக்காத ஒரே ஆள் அவர்தான். அதே வாரம் மாமியார் வீட்டுக்கு வந்தார். மூன்று நாள் தங்கினார். மகனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு கூரையைப் பார்ப்பார்.

சலவைக்கூடத்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அளவு காட்டும் கருவி பழுதாகிப் பல வருடமாகிறது. அதனால் ஆவி அண்ணன் தினமும் காலை ஏழு மணிக்கு வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டில் ஏறி, கண்ணாலேயே பார்த்துவிட்டு இறங்குவார். படிகள் நட்டு போட்டு முடுக்கியவை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடும் நேரத்தில், கடைசிக்கு முந்தின படியில் இரண்டு நட்டுகளைக் கழற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இறங்கும்போது ஒருவர் எதிரே வந்து, "என்ன சார் மேல?" என்றார். காற்று வாங்கினேன் என்றேன். அந்த நட்டுகள் என் மேசை இழுப்பறையில் குண்டூசி டப்பாவில் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கால் முறியும் என்றுதான் நினைத்தேன். அட்டைப்பெட்டிக்காரருக்குக் கால்தானே முறிந்தது, நான்கு மாதத்தில் நடந்துவிட்டார். இங்கே உயரம் மூன்று மாடி என்பதும், கீழே சிமென்ட் தரை என்பதும் எனக்குத் தெரியும்தான். இருந்தாலும் கால் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு முதலாளி போனில் அழுதார். "நம்ம ஆவி அண்ணன் போயிட்டாருப்பா." நானும் வருத்தம் தெரிவித்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "பாய்லர் ஆறிக்கிட்டு இருக்கு. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அப்படியே குவிஞ்சு கெடக்கு. இந்த நேரத்துல கேக்கக் கூடாது... ஆள் யாராவது இருக்காங்களா?" என்றார்.

உடனே இருக்கிறார் என்று சொன்னால் நன்றாக இருக்காது. பார்க்கிறேன் என்று சொல்லி, மரியாதைக்காக ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, மைத்துனனின் விண்ணப்பத்தையும் என் பரிந்துரைக் கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளே அவன் வேலையில் சேர்ந்தான். அன்று மனைவி பாயசம் வைத்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஆவி அண்ணனின் மகள் மூன்று வாரம் கழித்து என் அலுவலகத்துக்கு வந்தாள். வணிகவியல் படித்த பெண். சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதிவுக் கட்டணம் வேண்டாம் என்றேன். பத்தே நாளில் கீழே பல் டாக்டரிடமே வரவேற்பாளராகச் சேர்த்துவிட்டேன். அங்கே முன்பு இருந்த பெண்ணைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. சின்னக் கடிதம்தான். தினமும் காலையில் நான் படியேறும்போது அந்தப் பெண் எழுந்து வணக்கம் சொல்வாள். "அப்பா போனதுக்கப்புறம் எங்களுக்குன்னு ஒரு கை கொடுத்தது நீங்க மட்டும்தான் சார்" என்று ஒருநாள் சொன்னாள். ஒரு தொழிலில் இதைவிட வேறென்ன வேண்டும்?

என்னைக் காட்டிக்கொடுத்தது என் ஒழுங்கு. மைத்துனன் சம்பளச் சீட்டு கேட்டுச் சலவைக்கூடத்தின் அலுவலக அறைக்குப் போனபோது, அவனுடைய கோப்பு மேசையில் திறந்து கிடந்திருக்கிறது. மேலேயே என் பரிந்துரைக் கடிதம். 'தங்கள் நிறுவனத்தில் காலியாகவுள்ள பாய்லர் இயக்குநர் பணியிடத்துக்கு' என்று தொடங்கும். தேதி, செவ்வாய்க்கிழமை. அவன் அதைப் போனில் படம் எடுத்து அக்காவிடம் காட்டியிருக்கிறான்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னங்க இந்தத் தேதி? அவர் விழுந்தது புதன்கிழமையில்ல?" என்றாள் மனைவி.

தட்டச்சுப் பிழை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பத் தயாராகத்தான் இருந்தாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பதினோரு வருட அனுபவத்தில் என் கடிதம் எதிலும் பிழை வந்ததில்லை, ஐயா. வராது என்று சொன்னேன். முன்கூட்டியே தயாராக இருப்பதுதான் தொழில் என்றும் சொன்னேன்.

மைத்துனன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "மாமா, நான் சோபாலயே இருந்திருப்பேனே மாமா" என்றான். மனைவி உங்களுக்குப் போன் செய்தாள். தொழிலுக்கு ஏற்ற மனோபாவம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். தேதியையும் சரியாகப் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயம். காலையில் என்னை உள்ளே அழைத்து வரும்போது அந்தப் பெண் தாழ்வாரத்தில் நின்றதைப் பார்த்தேன். ஆவி அண்ணனின் மகள். வேலை நாளில் விடுப்புப் போட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். இந்தக் காலத்தில் நன்றியுள்ள பிள்ளைகள் அபூர்வம். அவளை உள்ளே அனுப்புங்கள், இரண்டு வார்த்தை பேசிவிடுகிறேன். பாவம், ஒரு கால் வெறுங்காலாக நின்றுகொண்டிருந்தாள். செருப்பு கையில் இருந்தது. வார் அறுந்திருக்கும்.