கிருமியின் வளையம்

அண்ணன்: இந்த வளையத்தைப் பாக்கவா கடையைப் பூட்டிட்டு உன் லேபுக்கு ஓடி வரச் சொன்னே? எங்கிட்ட டப்பா நிறையக் கிடக்கே.

தங்கை: தையல்காரன் புத்தி எங்க போகும்! இது திரைச்சீலை வளையம் இல்லண்ணே. உன்னைப் படுக்கையில தள்ளுன காய்ச்சல் கிருமி இருக்குல்ல... அதுக்குள்ள இருக்குற புரதம். கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் போட்டிருக்கேன்.

அண்ணன்: அடேங்கப்பா! இதுவா என்னை அந்த ஆட்டு ஆட்டுச்சு?

தங்கை: இது இல்லன்னா அந்தக் கிருமி பெருகவே முடியாது. அதோட டி.என்.ஏ. ஜிப் மாதிரி பிரியும். பிரிஞ்ச ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஜோடி தைக்க இன்னொரு புரதம் ஓடும். அது நழுவாம...

அண்ணன்: வளையம் பிடிச்சுக்கும். அப்ப வளையத்தை உடைச்சுப் போடு!

தங்கை: அவசரத்தைப் பாரு. நம்ம உடம்புலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அதையும் சேர்த்து உடைச்சா...

அண்ணன்: ஆள் காலி.

தங்கை: வாயைக் கழுவு. இந்தா, ஓரத்துல ஒரு பள்ளம் தெரியுதா? நம்ம வளையத்துல இந்த இடம் வேற மாதிரி. இங்க மட்டும் போய் ஒட்டுற மருந்து...

அண்ணன்: கிடைச்சிருச்சா?

தங்கை: இல்லண்ணே, வருஷக்கணக்காகும். ஆனா எங்க தேடணும்னு இப்பத் தெரியும். அந்த ஊசி மருந்துல நீ பட்ட பாடு... இனி யாருக்கும் வேணாம்.

அண்ணன்: விடு, பொழச்சேன்ல? வாந்தி அள்ளினே, சோறு ஊட்டினே... அதை எப்படிம்மா மறப்பேன்?

தங்கை: உன் நன்றி இருக்கட்டும். நான் ஒருத்தருக்குச் சொல்லணும். உயிரோட கிருமி கிடைக்காம எங்க வேலையே நின்னு கிடந்துச்சு. யாரோ ஒரு நோயாளி... டெஸ்டுக்கு எலும்புல ஊசி குத்தி, கிருமி தங்குற மஜ்ஜையை எடுத்தது போதாதுன்னு, ஆராய்ச்சிக்காக இன்னொரு தடவை குத்திக்கிட்டாரு.

அண்ணன்: எவனோ வேலையத்தவன்.

தங்கை: அப்படிச் சொல்லாதே!

அண்ணன்: சரி சரி... வா, டீ குடிக்கலாம்.

தங்கை: ஏன் முகத்தைத் திருப்பிக்கிறே?

அண்ணன்: ஏசி காத்து... கண்ணு கரிக்குது.

தங்கை: அவர் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும் போல இருக்கு. கையைக் குடு.

அண்ணன்: என் கை எதுக்கு... ஏய்! டாக்டர் சொல்லிட்டாரா?

தங்கை: அவர் வாயே திறக்கல.

அண்ணன்: பின்ன?

தங்கை: "இன்னொரு தடவை குத்திக்கோங்க டாக்டர்... தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அழுவா"ன்னு நீ சொன்னப்ப, கதவுக்கு வெளியே நின்னு அழுதுக்கிட்டுதாண்ணே இருந்தேன்.