தினம் சாகுற வேலை

போட்டோவா? இப்ப வேணாம் தம்பி, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு வாங்க, வாளு கேடயத்தோட எத்தனை வேணுமோ எடுத்துக்கலாம். அட, போகச் சொல்லல. உட்காருங்க.

ஆமா, கீழ விழுந்தவன் நான்தான். ஜெயிச்ச பய அந்தப் பக்கம் டீ குடிச்சிட்டிருக்கான். நான் ராணுவத்துல ஹவில்தாரா இருந்தவன். இந்த ஜெராஷ் இடிபாட்டுல, சுத்திப் பாக்க வர்றவங்களுக்குச் சண்டை காட்ட, ரோமானியர் வேசம் கட்ட ஆளெடுத்தாங்க, சேந்துட்டேன். தினம் சண்டை போட்டு சாகணும், அதான் வேலை. இதுல என்ன கேவலம்ங்கறீங்களா? உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க.

எம்பொண்ணு ஹனீனை இன்னைக்குப் பொண்ணு கேட்டு வர்றாங்க. தலைநகர் அம்மான்ல பெரிய இடம். மாப்பிள்ளையோட அப்பா அபூ ஸுஹைர்கிட்ட, நான் தொல்பொருள் இலாகாவுல அதிகாரின்னு அளந்து விட்டுட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன! உள்ளதைச் சொல்லிடுங்க வாப்பான்னு ஹனீன் தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. நிக்காஹ் முடியட்டும், பாத்துக்கலாம்னுட்டேன்.

அவங்க மத்தியானமே வந்துட்டாங்க, ஊரைச் சுத்திப் பாக்கணும்னு. மியூசியத்தோட நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடும்மான்னு ஹனீனுக்குப் போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அங்க ரோமானியர் வீட்டு சாமானெல்லாம் வச்சிருக்காங்கல்ல, அகல்விளக்கு, சீப்பு, பிள்ளைங்க விளையாடின மண்குதிரை... பாத்தீங்களா? நல்லாருக்கும். ஆனா அபூ ஸுஹைருக்கு அது பத்தல போல. சண்டை பாக்கணும்னு எல்லாரையும் இழுத்துக்கிட்டு இங்கயே வந்துட்டாரு. அதுவும் முன்வரிசையில!

வாளோட நின்ன நான் அவங்களைப் பாத்துட்டேன். தலைக்கவசம் மூஞ்சிய மூடியிருந்துச்சா, தப்பிச்சோம்டான்னு நினைச்சேன். ஆனா பதட்டத்துல, விழவேண்டிய நேரத்துக்கு முன்னாடியே தடுக்கி விழுந்துட்டேன். ஜெயிக்கவேண்டிய பயலே மிரண்டுட்டான். அப்புறம்தான் கூட்டத்தைக் கேட்டாங்களே, விட்டுடலாமா கொன்னுடலாமான்னு. அபூ ஸுஹைர் எந்திரிச்சு நின்னு கொல்லு, கொல்லுங்கறாரு. மனுசனுக்குக் குஷி தாங்கல. சம்பந்தி ஆகப்போறவரு!

சிரிங்க, சிரிங்க. வேற எவனாவது விழுந்திருந்தா நானும்தான் சிரிச்சிருப்பேன்.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். வீட்டுலேர்ந்துதான். பெரியவங்கல்லாம் வந்து உட்கார்ந்திருப்பாங்க. எங்க வழக்கப்படி காப்பி குடுத்தா வாங்கி முன்னாடி வச்சிடுவாங்க. பொண்ணோட தகப்பன் சரின்னு சொன்னாத்தான் வாயில வைப்பாங்க. அதுவரைக்கும் அது ஆறிக்கிட்டே கிடக்கும்.

என்னது, அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சீங்களா? அவங்களுக்கு எல்லாம் தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் வந்து உட்கார்ந்திருக்காங்க. பெரிய மனுசங்கதான், அதுல குறை சொல்ல முடியாது.

எப்படித் தெரியும்னா... அந்தக் கூச்சல்ல ஒரு பொண்ணு கம்பியைத் தாண்டி மைதானத்துக்குள்ள ஓடிவந்தாளே, நீல முக்காடு போட்டு, பாத்தீங்கல்ல? அவதான் ஹனீன். நான் விழுந்த விதத்தைப் பாத்து நெசமாவே அடிபட்டிருச்சுன்னு பயந்துட்டா. அத்தனை பேர் முன்னாடியும், எங்க வாப்பா, எங்க வாப்பான்னு கத்திக்கிட்டே வந்தா. மண்ணுல மண்டி போட்டு, என் தலையை மடியில தூக்கி வச்சுக்கிட்டா.

நான் கவசத்துக்குள்ளேர்ந்து குரலை மாத்திக்கிட்டு, யாரும்மா நீ, தள்ளிப் போன்னுட்டேன்.